செவலைக்குப் பயம் தெளிந்தது

பக்கத்துப் போர்ஷனுக்கு ஒரு டீச்சர் குடிவரப்போகிறார் என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து எனக்கு ஒரே பயம். நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். அப்புறம் கல்யாணமாகி, இடுப்பில் ஒன்றும் மடியில் ஒன்றுமாகப் பிள்ளைகள் பிறந்த பிறகும், டீச்சர் என்று யாராவது சொன்னால் என் கை தானாகக் கட்டிக்கொள்ளும். வரப்போகிறவர் சாத்தூரில் பெண்பிள்ளைகள் படிக்கிற மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவராம். இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம், ஒரே கிணறு. காலையில் எழுந்து தண்ணீர் இறைக்கப் போனால் எதிரே நிற்பார். பதினாறாம் வாய்ப்பாட்டைக் கேட்டுவிட்டால் என்ன செய்வது?

"கேட்டா, பிள்ளை அழுவுதுன்னு உள்ள ஓடிரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"பிள்ளை அழலைன்னா?"

"கிள்ளி விடு."

அவருக்கு எல்லாம் விளையாட்டு. ஊருக்கு மேற்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்துகிற வேலை பார்த்தார். அந்த வேலைக்குப் போகிறவருக்குப் பயம் இல்லை. வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுகிற எனக்குத்தான் அவருக்கும் சேர்த்துப் பயம்.

டீச்சர் மாட்டு வண்டியில் வந்தார். முதலில் ஒரு இரும்புப் பெட்டி இறங்கியது. அடுத்து ஒரு கயிற்றுக் கட்டில். கடைசியாக அவர் இறங்கினார். வெள்ளைச் சேலை, கண்ணாடி, ஒன்றும் போடாத கழுத்து. நாற்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை என்று வீட்டுக்காரம்மா முன்பே சொல்லியிருந்தார். டீச்சர் முந்தானைக்குள் எதையோ பொத்திப் பிடித்திருந்தார். வேதப் புத்தகம் என்று நினைத்தேன். அது கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொட்டாவி விட்டது.

"பிள்ளே, உங்க வீட்டுல மோர் இருக்கா? எனக்கில்ல, இவளுக்கு" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

நாய்க்குட்டி. செம்மண் நிறம், அதனால் செவலை என்றே பேர். தெருநாய்க் குட்டி மாதிரிக் கொழுகொழுவென்று இல்லாமல், கால் நீண்டு வயிறு ஒட்டி எலும்பும் தோலுமாக இருந்தது. பாவம், சோறில்லாமல் கிடந்தது போல என்று நினைத்துக் கொஞ்சம் சோறும் போட்டுப் பிசைந்து கொண்டுபோனேன். டீச்சர் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு மோரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"இது வேட்டை நாய் பிள்ளே. தொந்தி போட்டா ஓடாது. இந்த நெஞ்சு எம்புட்டு இறங்கியிருக்கு பாத்தியா? இடுப்பப் பாரு, ரெண்டு விரலுக்குள்ள அடங்கும். இது மண்ணுல ஓடாது, மண்ணைத் தொட்டுக்கிட்டுப் போவும்."

வேட்டை நாய் வளர்க்கிறவர்கள் மீசை வைத்த சம்சாரிகள், நிலபுலன் உள்ளவர்கள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முன் வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிற, வகுப்பில் பிள்ளைகள் மூச்சுவிடப் பயப்படுகிற ஒரு கணக்கு டீச்சர், நாயின் நெஞ்சு இறக்கத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

போகப்போகத்தான் தெரிந்தது. அவருடைய அப்பா தெற்கே கடற்கரைப் பக்கத்தில் பிறந்து, கரிசல் ஊர்களுக்கு உபதேசியாராக வந்தவர். ஊர் ஊராக நடந்து போகிறவருக்குப் பின்னால் இந்தப் பெண்ணும் நடந்திருக்கிறது. அப்பா பிரசங்கம் பண்ணுகிற நேரமெல்லாம் மகள் சம்சாரி வீட்டுத் தொழுவத்தில் நாய்களோடு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"எங்க அப்பா ஆத்துமாவைப் பாத்தாரு. நான் நாயப் பாத்தேன்" என்பார் டீச்சர். சொல்லிவிட்டுத் தானே பயந்துகொண்டு நெஞ்சைத் தொட்டுக்கொள்வார்.

சனிக்கிழமை விடியும்போது சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செவலையை வைப்பாற்று மணலுக்குக் கூட்டிப் போவார். ஒருமுறை என்னையும் வரச் சொன்னார். மணலில் தண்ணீர் இல்லாத காலம். கயிற்றை அவிழ்த்துவிட்டு, கக்கத்தில் வைத்திருந்த முயல் தோலை ஒரு கயிற்றில் கட்டிச் சுழற்றி வீசினார். செவலை அங்கே நின்றது தெரிந்தது, இங்கே நின்றது தெரிந்தது, நடுவில் ஓடியது கண்ணுக்குத் தெரியவில்லை. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த முகத்தை வகுப்பில் பிள்ளைகள் பார்த்திருந்தால் கணக்கைப் பற்றி அவ்வளவு பயந்திருக்க மாட்டார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? கிணற்றடியில் ஒரு அம்மா கேட்டேவிட்டார்.

"டீச்சர், பிள்ளை வளக்க வேண்டிய வயசுல நாய் வளக்கீகளே?"

"பிள்ளைக நாப்பது பேரு வகுப்புல இருக்காக. அதுல ஒண்ணாச்சும் சொன்ன பேச்சு கேக்குதா? இது கேக்குது" என்றார் டீச்சர் வாளியைத் தூக்கிக்கொண்டே.

பள்ளிக்கூட மேனேஜரும் கூப்பிட்டு, ஒரு பெண் உபாத்தியாயினி ஆற்று மணலில் நாயோடு ஓடுவது நன்றாக இல்லை என்று சொன்னாராம். "நான் ஓடலை ஐயா, நாய்தான் ஓடுது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ஆனால் இந்த நாய் அவருக்கே அவருக்கு என்று ஆகிவிடவில்லை. இந்தச் சாதி நாயை யாரும் விற்க மாட்டார்கள். கொடுக்கத்தான் செய்வார்கள், அதுவும் கைக்குத் தகுந்த ஆளைப் பார்த்து. டீச்சரிடம் படித்த ஒரு பெண்ணின் அப்பா, மேற்கே ஒரு கிராமத்துச் சம்சாரி, மகள் கணக்கில் தேறிய சந்தோஷத்தில் "என்ன வேணும் கேளுங்க" என்றபோது டீச்சர் குட்டியைக் கேட்டிருக்கிறார். அவர் சிரித்துவிட்டு, வார்த்தை மாற முடியாமல் கொடுத்திருக்கிறார், ஒரு பேச்சோடு. பங்குனியில் சோளமும் பருத்தியும் எடுத்துக் காடு காலியானதும் ஊர் கூடி முயல் வேட்டைக்குப் போவார்கள். அன்று செவலையைக் கொண்டுவந்து அவிழ்த்துவிட வேண்டும். பயப்படாமல் நின்றால் டீச்சருக்கு. பயந்து பின்வாங்கினால் அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"திருப்பிக் கொண்டுபோயி அவுக வளப்பாகளா டீச்சர்?" என்று கேட்டேன்.

"வளப்பாகளா! பயந்தாங்கொள்ளி நாய் ஈன்ற குட்டியும் பயந்துதான் வரும்பாக. வம்சம் கெட்டுப்போவுமாம். ஒரு கயித்தையும் ஒரு வேப்ப மரத்தையும் பாப்பாக" என்றார்.

அன்று முழுக்க எனக்குத் தீப்பெட்டி ஒட்டவே ஓடவில்லை.

வேட்டையில் பயப்பட என்ன இருக்கிறது என்றால், புதரில் பதுங்கிய முயலை வெளியே கிளப்புவதற்கு எங்கள் பக்கத்தில் வெடி போடுவார்கள். வேறு ஊர்களில் தப்பு அடிப்பார்களாம், கல் எறிவார்களாம். எங்கள் ஊர்களில் வீட்டுக்கு ஒரு ஆள் பட்டாசுக் கம்பெனியில் இருக்கிறார். வெடிக்கு எங்கே போவது என்ற பிரச்சினையே கிடையாது.

செவலைக்கோ வெடி என்றால் உயிர் போய்விடும். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வெடிச் சத்தத்தில் ஒரு படிப்பு உண்டு. விட்டுவிட்டுக் கேட்டால், கம்பெனிக்காரர்கள் பொட்டலில் வெடித்துப் பார்க்கிறார்கள். மொத்தமாக ஒரே முழக்கமாகக் கேட்டு, அப்புறம் சத்தமே இல்லாமல் போனால், வாசலுக்கு ஓடிவந்து மேற்கே புகை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். செவலைக்கு அந்தப் பேதம் கிடையாது. எந்தச் சத்தமானாலும் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்கி மூத்திரம் விட்டுவிடும். அந்த வருஷத் தீபாவளிக்கு வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை. டீச்சரும் கட்டிலுக்கு அடியில் அதன் பக்கத்தில் படுத்துக்கிடந்தார். நான் கொண்டுபோன முறுக்கை வாங்கக்கூட எழுந்திருக்கவில்லை.

தீபாவளி கழிந்த பிறகு ஒரு நாள் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"தம்பி, எனக்குக் கொஞ்சம் வெடி வேணும். இருக்கதுலயே சின்ன வெடி."

"டீச்சரம்மா, நாய்க்கு நெஞ்சு வெடிச்சிரும்."

"ஒண்ணாப்புப் பிள்ளைக்கு எடுத்த எடுப்புலயா வகுத்தல் சொல்லிக் குடுக்கோம்? ஒண்ணு ரெண்டு எண்ணச் சொல்லுதோம்லா? அப்படித்தான்."

அப்படியேதான் செய்தார். முதலில் தெருக்கோடியில் ஒரு சீனி வெடி. சத்தம் கேட்ட மறு நொடி செவலையின் வாயில் வேகவைத்த ஈரல் துண்டு. வெடி இல்லையென்றால் ஈரல் இல்லை. வெடியைப் பற்றவைக்கிறது என் வீட்டுக்காரர், ஈரலை ஊட்டுகிறது டீச்சர், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் ஒளிகிறது நான். கூரை பற்றிக்கொள்ளுமோ, தீப்பெட்டிக் கட்டுமேல் பொறி விழுமோ, நாய் வெறிபிடித்துக் கடித்துவிடுமோ என்று எத்தனை விதமாகவோ கவலைப்பட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. வெடி தெருக்கோடியிலிருந்து தெரு நடுவுக்கு வந்தது. அங்கிருந்து முற்றத்துக்கு வந்தது. சீனி வெடி போய் ஓலை வெடி வந்தது. தை மாசம் பிறக்கும்போது, திரியில் நெருப்பு சீறுகிற சத்தம் கேட்டதுமே செவலை வாலை ஆட்டிக்கொண்டு எச்சில் ஒழுக நிற்க ஆரம்பித்துவிட்டது.

"பாத்தீகளா, நம்ம கம்பெனியில சேத்துவிட்டா போர்மேன் ஆயிரும்" என்றார் என் வீட்டுக்காரர்.

டீச்சர் சிரித்தார். சத்தமாகச் சிரித்தார். எனக்கும் மனப்பாரம் இறங்கிவிட்டது. அவ்வளவு கவலைப்பட்ட நான், அந்த நாய் வெடியைப் பார்த்து வாலாட்டுவதைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லை.

வேட்டைக்கு நாங்களும் போனோம். என் வீட்டுக்காரருக்கு லீவு, டீச்சர் தனியாகப் போக முடியாது, அதனால் கைப்பிள்ளையோடு நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். வேட்டைக்குப் பெண்கள் போகிற வழக்கம் கிடையாது. சம்சாரி எங்களை ஓடைக்கரையில் வண்டியோடு நிற்கச் சொன்னார். நல்ல மனுஷர்.

"டீச்சரம்மா, கணக்கு மாதிரி நெனச்சிராதீக. தப்பு விட்டா அழிச்சு எழுத முடியாது" என்றார்.

"விடையப் பாத்துட்டுப் பேசுங்க" என்றார் டீச்சர்.

வெறுங்காடு. அறுத்த சோளத் தட்டை பாதத்தைக் குத்துகிற கரிசல். நடுநடுவே உடைமர முள்ளுப் புதர்கள். நாய்களை வரிசையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மற்ற நாய்கள் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தின. என் வீட்டுக்காரர் பிடித்திருந்த செவலை மட்டும் சத்தமில்லாமல் நின்றது. டீச்சரின் விரல்கள் என் தோளில் அழுந்திக்கிடந்தன.

ஒருவர் புதருக்குள் வெடியைக் கொளுத்திப் போட்டார். அது வீட்டு முற்றத்து வெடி அல்ல, சணல் சுற்றிய பெரிய வெடி. புகை வந்தது. வெடிக்கும் முன்பே இந்தப் பக்கம் முயல் கிளம்பியது. நாய்களை அவிழ்த்துவிட்டார்கள். எல்லா நாயும் முயலுக்குப் பின்னால் போயின.

செவலை மட்டும் வெடிக்குப் போனது.

முயலை அது பார்க்கவே இல்லை. திரி சீறுகிற புதரைப் பார்த்து, நான் ஆற்று மணலில் பார்த்த அதே ஓட்டம் ஓடியது. "ஏலே, பிடிலே, பிடிலே" என்று கத்தினார்கள். அந்த ஓட்டத்தை யார் பிடிக்க? டீச்சர் ஒரு அடி எடுத்து வைத்தார். புதருக்குள் அது மூக்கை நுழைத்ததும் வெடி வெடித்ததும் ஒன்றாக இருந்தது.

நான் பிள்ளையின் முகத்தை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது டீச்சர் புதரடியில் உட்கார்ந்திருந்தார். செவலை மடியில் கிடந்தது. கத்தவில்லை. முகமெல்லாம் கரியும் ரத்தமுமாக, வாலை மட்டும் மெதுவாக ஆட்டிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடியது. ஈரல் கேட்கிறது என்று எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

வண்டிக்குத் தூக்கி வந்தார்கள். சம்சாரி கண் இமையைப் பிரித்துப் பார்த்தார். அப்புறம் டீச்சரைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், மாட்டைப் பார்த்துச் சொன்னார்.

"தாய்ப்பால் விட்டா எரிச்சல் அடங்கும்பாக."

எங்கள் பக்கத்தில் கண்ணில் அடிபட்டால் பிள்ளை பெற்றவள் வீட்டுக்குத்தான் ஓடுவார்கள். ஆனால் நாய்க்கு யாரும் கேட்டதில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஊரில் என்ன பேசுவார்கள், மாமியார் என்ன சொல்வார், பிள்ளைக்கு ஆகாதோ, தோஷமோ என்று எல்லாமே ஒரே நேரத்தில் தோன்றின. டீச்சர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை மாட்டேன் என்றுகூடச் சொல்லியிருப்பேன். வண்டிக்கு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, பிள்ளைக்கு மருந்து புகட்டக் கொண்டுவந்திருந்த சங்கில் பீய்ச்சிக் கொடுத்தேன். டீச்சர் அதை வாங்கி இரண்டு கண்ணிலும் சொட்டுச் சொட்டாக விட்டார். பால் சிவப்பாக வழிந்தது.

அதற்குள் முயலோடு மற்றவர்கள் திரும்பிவந்துவிட்டார்கள். சம்சாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"குடுங்க டீச்சரம்மா. நான் கொண்டுபோறேன். கண்ணு போயிருச்சு. பாத்து ஓடுற சாதி இது, மோப்பத்துல ஓடுற சாதியில்ல. இருந்து என்ன செய்யும்? அது படுற பாட்டை நீங்க பாக்க வேண்டாம்."

"நம்ம பேச்சு என்ன?" என்று கேட்டார் டீச்சர்.

"பேச்சை விடுங்க இப்ப."

"பயந்தாத் திருப்பித் தரணும். அதுதான பேச்சு? இது பயந்துச்சா?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இம்புட்டுப் பேரு நிக்கீக. சொல்லுங்க, பயந்துச்சா?"

"பயப்படலை" என்றார் அவர். "ஒரு நாயும் அப்படிப் போயி நான் பாத்ததில்ல."

"அப்ப எங்கிட்டதான் இருக்கும்" என்றார் டீச்சர். வண்டியை ஓட்டச் சொன்னார்.

சாத்தூர் வரும் வரைக்கும் அவர் அழவில்லை. முற்றத்தில் இறங்கி, கிணற்றடியில் கையைக் கழுவும்போதுதான், "எல்லாரும் பின்வாங்குற இடத்துல முன்னால போகச் சொல்லிக் குடுத்தது நாந்தான் பிள்ளே" என்று சொல்லிவிட்டு வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். தொடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். டீச்சரைத் தொட்டுப் பழக்கம் இல்லையே.

புண் ஆறியது. கண் வரவில்லை. சுவரில் முட்டிக்கொள்ளாமல் முற்றத்தில் நடக்கச் செவலை கற்றுக்கொண்டது. அதோடு முடிந்திருந்தால் டீச்சர் எங்கள் ஊரிலேயே இருந்திருப்பார்.

ஆவணி பிறந்தது. தீபாவளி சீசன். கம்பெனிகளில் ஆர்டர் குவிந்து, பொட்டலில் பகல் முழுக்க வெடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் செவலை எழுந்து, மேற்கே முகத்தைத் திருப்பி, வாலாட்டிக்கொண்டு நின்றது. எச்சில் ஒழுகும். வெடிக்குப் பக்கத்தில் போய் முகத்தைக் கருக்கிக்கொண்டது அதற்குப் பாடமாகவே இல்லை. சத்தம் கேட்டது, தின்ன வரும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். வரவில்லை என்றால் நின்றுகொண்டே இருக்கும். ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் இடையில் படுக்க நேரம் இல்லை.

டீச்சர் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஏதாவது ஊட்டினார். ஈரலுக்கு எங்கே போவது, ரொட்டித் துண்டு, கம்பங்களி. பள்ளிக்கூடம் போனதும் நான் ஊட்டினேன். பசை ஒட்டிய கையைக் கழுவி எழுந்து போய் ஊட்டிவிட்டு வந்து உட்காருவதற்குள் மறு சத்தம் கேட்கும். "பிள்ளைக்குச் சோறு ஊட்ட நேரமில்ல, நாய்க்கு ஊட்டுறா" என்று மாமியார் வைதார். பாலைக் கொடுத்த கதையும் அவர் காதுக்குப் போயிருந்தது. ஊட்டினாலும் தப்பு. வயிறு ஊதி, தின்றதையெல்லாம் கக்கியது. ஊட்டாவிட்டால் நின்றே கால் வீங்கியது. பஞ்சை எண்ணெயில் நனைத்துக் காதில் வைத்துப் பார்த்தோம். தலையை உதறித் தள்ளிவிட்டது.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த டீச்சர், மேற்கே பார்த்து நிற்கிற செவலையை வாசலிலிருந்தே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் உள்ளே வராமல் அப்படியே திரும்பி மேனேஜர் வீட்டுக்குப் போனார்.

தெற்கே, அவர் அப்பா பிறந்த கடற்கரைப் பக்கம், மிஷனுக்கு ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருந்ததாம். யாரும் விரும்பிப் போகாத இடம். இங்கே அவர்தான் மூத்தவர், அடுத்த வருஷம் தலைமையாசிரியை ஆகியிருக்க வேண்டியவர் என்று எல்லாரும் சொன்னார்கள். அங்கே போனால் அதெல்லாம் இல்லை. மேனேஜர் காரணம் கேட்டாராம். "அங்கன வெடி கிடையாது ஐயா" என்றாராம் டீச்சர். மேனேஜர் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

விருதுநகரிலிருந்து மிளகாய் வத்தல் ஏற்றிக்கொண்டு தெற்கே போகிற லாரி ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார் என் வீட்டுக்காரர். ரயிலில் நாயைக் கூண்டில் அடைப்பார்கள் என்று டீச்சர் வேண்டாம் என்றுவிட்டார். டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும் வத்தல் நெடியில் டீச்சர் தும்மினார், செவலை தும்மியது, டிரைவரும் தும்மினார். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே லாரி கிளம்பிவிட்டது. போய்வாருங்கள் என்றுகூடச் சரியாகச் சொல்லவில்லை.

மறு வருஷம், சாத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் எங்கள் தெருவுக்கு வந்திருந்தார். அவர் தெற்கே தன் அக்காள் வீட்டுக்குப் போனபோது டீச்சரைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். ஓடிப்போய் நிறுத்திக் கேட்டேன்.

"நாய் எப்படி இருக்கு?"

"அது மார்கழியிலயே செத்துப்போச்சாம். நல்லாத்தான் இருந்திச்சாம். கடக்கரையில படுத்துப் படுத்துத் தூங்குமாம்."

"வேற நாய் வளக்காகளா?"

"இல்ல. நாயும் வளக்கலை, கணக்கும் எடுக்கலை. சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் தையலும்தான் எடுக்காக. இம்புட்டு நல்லாக் கணக்குச் சொல்லிக் குடுப்பீகளே, ஏன் டீச்சர்னு நானும் கேட்டேன்."

"என்ன சொன்னாக?"

"சொல்லிக் குடுத்தாப் பிள்ளைக அப்படியே செய்யுது, பயமா இருக்குன்னாக."

தையல் டீச்சருக்கு அது விளங்கவில்லை. வெயிலில் நின்றுகொண்டு, "அவுக எப்பவுமே ஒரு மாதிரிதான" என்றார். உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன்.